சோயா சேர்த்தும் ஏறிய எல்.டி.எல்.: சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் வரும் பெண் குறிப்பிட்ட ஒரு நோயாளி அல்லர். சேலத்துக் குடும்பங்களில் சாதாரணமாகக் காணக்கூடிய பழக்கங்களைக் கோத்து, பாடத்துக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. அவருடைய பரிசோதனை எண்கள் இந்த மாதிரிக்கு மட்டும் உரியவை. ஆராய்ச்சி முடிவுகள் என்று வருபவை வெளியான ஆய்வுகளில் உள்ளவை.

நிகழ்வு

வயது 53. அம்மாபேட்டையில் வீட்டோடு விசைத்தறி. தார் சுற்றுவதும் சமையலும் இவர் பொறுப்பு. நாளின் பெரும்பகுதி உட்கார்ந்த வேலை. மாதவிடாய் நின்று 3 ஆண்டு. தைராய்டு குறைவுக்கு 8 ஆண்டாக லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம். எலும்புக்காகக் கால்சியம் மாத்திரை, இரவுச் சாப்பாட்டோடு. சர்க்கரை நோய் இல்லை, புகையிலை இல்லை. உயரம் 154 செ.மீ., எடை 64 கிலோ, ரத்த அழுத்தம் 136/84. அம்மாவுக்கு 71 வயதில் மாரடைப்பு வந்தது. நெருங்கிய பெண் உறவுக்கு 65 வயதுக்கு முன் வந்தால்தான் அதைக் குடும்ப வரலாறாகக் கணக்கில் எடுப்பார்கள் என்பதால், அந்த வகையில் இவருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை.

முதல் பரிசோதனை: மொத்தக் கொலஸ்ட்ரால் 238, 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 44, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 180, 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 158 (எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்). தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் எண்ணான டி.எஸ்.ஹெச். 2.8, அதாவது தைராய்டு கட்டுக்குள். மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துவிட்டு வரச் சொன்னார் மருத்துவர். சோயா மாதவிடாய் நின்றவர்களுக்கு நல்லது, இதயத்துக்கும் நல்லது என்று நாத்தனார் சொல்ல, லீ பஜாரில் சோயா மாவு ஒரு கிலோ வாங்கிக் காலைக் கஞ்சி தொடங்கியது. வாரம் ஒருமுறை மீல் மேக்கரும்.

மூன்று மாதம் கழித்து: மொத்தக் கொலஸ்ட்ரால் 252, எச்.டி.எல். 43, ட்ரைகிளிசரைடு 190, எல்.டி.எல். 171. எடை 2 கிலோ கூடியிருந்தது. மலச்சிக்கல், அசதி, முடி கொட்டுதல். எல்லாவற்றையும் 'இந்த வயசுக்கு இப்படித்தான்' என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏறியது எதனால்?

முதல் சந்தேகம் சோதனை எண்ணின் மீதே வர வேண்டும். ஒரே ஆளுக்கு, ஒரே பழக்கத்தில், எல்.டி.எல். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் சுமார் 8 சதவீதம் தானாகவே மாறும். 158 போய் 171 ஆனது கிட்டத்தட்ட அதே அளவுதான். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 'சோயா கெடுத்துவிட்டது' என்றும் சொல்ல முடியாது. குறைந்திருந்தால் 'சோயா குறைத்துவிட்டது' என்றும் சொல்லியிருக்க முடியாது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் எல்.டி.எல். கணக்கே பொய்யாகிவிடும். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துத்தான் பல லேப்கள் அந்த எண்ணைத் தருகின்றன. இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் எண்ணோடு எடையும் மலச்சிக்கலும் அசதியும் சேர்ந்து வந்திருக்கின்றன. எல்.டி.எல். ஏறினால் பார்க்க வேண்டிய பட்டியல் சின்னதுதான்: தைராய்டு, சர்க்கரை, சிறுநீரில் புரதம் போகிறதா, ஸ்டீராய்டு போன்ற புது மருந்து ஏதாவது. மற்றவை எல்லாம் சரியாக இருக்க, டி.எஸ்.ஹெச். மட்டும் 9.6 என்று வந்தது. மாத்திரையின் அளவு மாறவில்லை, ஒரு நாளும் விட்டதில்லை. பின்னே ஏன்? செவிலியர் கேட்ட நாலு கேள்வியில் விடை வந்துவிட்டது.

"அக்கா, தைராய்டு மாத்திரை எப்பப் போடறீங்க?"

"எந்திரிச்சதும் போட்டுருவேங்க. ஒரு நாளும் விட்டதில்ல."

"எதுல போடறீங்க?"

"முன்னாடி தண்ணியிலதாங்க. இப்பக் கஞ்சி எப்படியும் குடிக்கறமே, அதுலயே போட்டுக்கறனுங்க."

லெவோதைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படும் மருந்து. சோயாப் புரதமும் அதன் நாரும் கூடவே வந்தால் மருந்தில் ஒரு பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் காப்பியும் இதே வேலையைச் செய்பவைதான். இவர் காப்பியையும் மாத்திரைக்குப் பின் சீக்கிரமே குடிப்பவர். ஆனால் 75 மைக்ரோகிராம் என்ற அளவு அந்தக் காப்பிப் பழக்கத்தோடேயே நிர்ணயிக்கப்பட்டது. அதனால் இத்தனை ஆண்டும் டி.எஸ்.ஹெச். ஒழுங்காக இருந்தது. கால்சியம் இரவில் போவதால் அதன் மீதும் குற்றமில்லை. புதிதாக வந்தது சோயா மாவு ஒன்றுதான். சோயா தைராய்டுச் சுரப்பியைக் கெடுத்ததாக இதற்கு அர்த்தமில்லை. மாத்திரையை உள்ளே போகவிடவில்லை, அவ்வளவே.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ வாங்கி வைக்கும் ஏற்பிகள் குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தாலும் அதே ஏற்பிகள்தான் குறைகின்றன. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள்ளேயே எல்.டி.எல். சட்டென ஏறுவதை மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே பாதி அடைத்த வாசலை இவர் இன்னும் கொஞ்சம் அடைத்துக்கொண்டார்.

இதற்கு மாத்திரை அளவைக் கூட்டுவது சோம்பேறித் தீர்வு. நேரத்தைப் பிரித்தால் போதும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. காப்பிக்கும் பலகாரத்துக்கும் முன் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம். சோயா மதியத்துக்குப் போகட்டும். காலை வேலையில் இது ஒத்துவராதவர்கள் இரவு கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். அப்படியானால் கால்சியத்தை மதியத்துக்கு மாற்ற வேண்டும். எந்த மாற்றம் செய்தாலும் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்தால் பழைய நிலைமையின் மிச்சம்தான் தெரியும். மாத்திரையை அடுப்பங்கரை அலமாரியில் வைப்பதும் வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் வீரியம் குறையும் மருந்து இது, சேலத்துச் சித்திரை வெயில் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும்.

சோயா எவ்வளவுதான் குறைக்கும்?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது பழைய கதை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 1995-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், நாளொன்றுக்குச் சராசரி 47 கிராம் சோயாப் புரதம் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். 12.9 சதவீதம் குறைந்ததாக வந்தது. அதை ஒட்டி 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் அச்சிட அனுமதித்தது. இன்றும் சோயா விளம்பரங்களில் ஓடிக்கொண்டிருப்பது அந்த வாசகம்தான். பிறகு நடந்ததை யாரும் அச்சிடுவதில்லை. 2006-இல் அமெரிக்க இதயச் சங்கம் 22 சோதனைகளைப் பார்த்துவிட்டுக் குறைவு சுமார் 3 சதவீதம்தான் என்றது. சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் பொருளான ஐசோஃபிளேவோனை மாத்திரையாக எடுப்பதைப் பரிந்துரைக்க மறுத்தது. 2017-இல் அனுமதி கொடுத்த நிர்வாகமே அதைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. 2019-இல் 46 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் 3 முதல் 4 சதவீதம்தான் வந்தது.

158-இல் 3 சதவீதம் என்றால் 5 புள்ளி. மேலே சொன்ன 8 சதவீத ஊசலாட்டத்தில் இது தனியாகக் கண்ணில் படவே படாது. ஆயிரம் பேரை அளந்தால் தெரியும். ஒருவரின் ரிப்போர்ட்டில் தேடினால் ஏமாற்றம்தான்.

ரத்தக்குழாயையே நேராக அளந்த சோதனையும் உண்டு. 2011-இல் வெளியான விஷ் சோதனையில் மாதவிடாய் நின்ற 350 பெண்களில் ஒரு பாதிப்பேருக்கு 25 கிராம் சோயாப் புரதம், மறுபாதிக்குப் பால் புரதம், ஏறக்குறைய 2.7 ஆண்டு. கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பதில் ஒட்டுமொத்தமாக நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. மாதவிடாய் நின்று 5 ஆண்டுக்கு உட்பட்டவர்களை மட்டும் தனியே பார்த்தபோது சோயாப் பக்கம் தடிப்பு மெதுவாக இருந்தது. இவருக்கு 3 ஆண்டுதான் ஆகியிருப்பதால் மனசு அந்தப் பக்கம் சாயும். ஆனால் ஒரு சோதனைக்குள் சிறு குழுவைப் பிரித்தெடுத்துக் கண்ட முடிவு, மறுபடி நிரூபிக்கும்வரை ஓர் ஊகம்தான். 2020-இல் வந்த அமெரிக்க அவதானிப்பு ஆய்வில் வாரம் ஒருமுறையாவது டோஃபு சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் ஆபத்து 18 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. டோஃபு சாப்பிடுகிறவர்கள் வேறு எதையெல்லாம் சாப்பிடுவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. சோயாவை விட்டுவிட்டு நம்மூர்ப் பருப்பு பயறை எடுத்துக்கொண்டால், நாளுக்குச் சுமார் 130 கிராம் வெந்த பயறு எல்.டி.எல்.-ஐ ஏறக்குறைய 5 சதவீதம் குறைப்பதாக 2014-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு சொல்கிறது. கொள்ளும் பச்சைப்பயறும் உழவர் சந்தையில் கிடைக்கும்போது சோயாவுக்கு மட்டும் மகுடம் சூட்டுவானேன்? எங்கள் கணிப்பில் சோயாவின் உண்மையான மதிப்பு அது தட்டிலிருந்து எதை வெளியே தள்ளுகிறது என்பதில் இருக்கிறது.

தட்டில் எதுவும் வெளியேறவில்லை

இவருடைய சமையலில் அதுதான் நடக்கவில்லை. வீட்டில் நாலு பேர், மாதம் 3 லிட்டர் எண்ணெய். ஒரு லிட்டர் ரேஷன் பாமாயில், இரண்டு லிட்டர் கடையில் வாங்கும் பாமாயில். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் சுமார் 15. அளவைக் குறைக்காமல் எண்ணெயை மாற்றுவதே பாதிச் சோலி.

மீல் மேக்கர் 50 கிராம் பாக்கெட் ஒன்றை நாலு பேர் பங்கிட்டார்கள். அதில் 100-க்கு 52 கிராம் புரதம் இருப்பதால் இவர் பங்கு 6 அல்லது 7 கிராம், அதுவும் வாரம் ஒருமுறை. ஒரு வாரம் '65' மாதிரி பொரியும், அடுத்த வாரம் ஒரு மூடித் தேங்காய் அரைத்த குருமாவில் மிதக்கும். கொழுப்பு நீக்கிய சோயா மாவிலிருந்து வரும் மீல் மேக்கரில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பஞ்சு மாதிரி இருப்பதால் வாணலி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு எழும். தேங்காயில் 100 கிராமுக்கு 33 கிராம் கொழுப்பு, அதில் 30 கிராம் நிறைவுற்றது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி அப்படியே இருந்தது. சாயங்காலம் தட்டுவடை செட்டும் அப்படியே. சோயா எதற்கும் பதிலாக வரவில்லை, மேல்செலவாக வந்தது.

காப்பியை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் உறவு. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வறுத்த தூள் வந்துவிடும். மலையில் போடுவது போல பாத்திரத்தில் தூளைக் கொதிக்கவிட்டு, தெளியவைத்து, மேலாக ஊற்றிக் குடிப்பார்கள். நாளுக்கு மூன்று டம்ளர். காப்பிக் கொட்டையின் எண்ணெயில் உள்ள காஃபெஸ்டால் என்ற பொருள் எல்.டி.எல்.-ஐ ஏற்றும். கொதிக்கவைத்து வடிகட்டாத காப்பியில்தான் அது அதிகம். காகித ஃபில்டர் அதை ஏறக்குறைய முழுக்கப் பிடித்துவிடும். சில்வர் ஃபில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. ஃபில்டரின் மேல் கிண்ணத்து அடியில் காகித ஃபில்டரை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன்மேல் தூளைப் போட்டால் ஏற்காட்டுக் காப்பியை விட வேண்டியதில்லை. தூள் கொஞ்சம் கரகரப்பாக இருக்கட்டும், மாவாக அரைத்தால் டிகாக்‌ஷன் இறங்காது.

மாற்றிய சமையல்

வாரம் நாலு மதியம் மீல் மேக்கர், மூன்று மதியம் கொள்ளு அல்லது பச்சைப்பயறு. நாலு பேருக்கு உலர்ந்த மீல் மேக்கர் 120 கிராம், ஆளுக்கு 30; புரதம் 15 கிராமுக்கு மேல் வரும். 25 கிராமை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று நெருக்கவில்லை.

செய்முறையில் கை வழுகும் இடங்கள் இருக்கின்றன. ஒன்றரை லிட்டர் தண்ணீரை உப்பில்லாமல் தளதளவென்று கொதிக்கவைத்து, அடுப்பை நிறுத்திவிட்டு மீல் மேக்கரைப் போட்டு மூடி 8 நிமிடம். அடுப்பிலேயே விட்டு வேகவைத்தால் ஓரம் கொழகொழவென்று ஆகிவிடும். வடித்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிழிய வேண்டும். முதல் பிழிவில் நுரையோடு வெளிர் மஞ்சள் தண்ணீர் வரும், அதைக் கொட்டிவிட்டு இன்னொருமுறை. பச்சை வாடையும், வயிற்றை உப்பவைக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அந்தத் தண்ணீரோடு போகும். பிழியாமல் போட்டால் உள்ளே நின்ற தண்ணீர் குழம்பில் இறங்கி, மசாலா உள்ளே ஏறாமல், வெளியே காரமும் உள்ளே சப்பும் ஆகிவிடும். பிறகு கடலை எண்ணெய் 3 தேக்கரண்டியில் சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம் 150 கிராம், தக்காளி 3, இஞ்சி பூண்டு விழுது வதக்கி, மீல் மேக்கரைப் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிடலாம். தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை 2 மேசைக்கரண்டி அரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டியாகிவிடும். ஏற்காட்டு மிளகு இருந்தால் உப்பைக் கொஞ்சம் குறைத்தாலும் நாக்கு கண்டுபிடிக்காது. உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, 136/84 உள்ளவருக்கு இது முக்கியம்.

மிச்சமிருந்த சோயா மாவைக் கொட்டவில்லை, மதியச் சப்பாத்தியில் கோதுமை மாவோடு எட்டுக்கு ஒன்று என்று சேர்த்தார்கள். வறுக்காமல் அரைத்த மாவு என்றால் மோரில் கலக்கி அப்படியே குடிப்பதோ, அரைவேக்காட்டுக் கஞ்சியோ கூடாது. பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, நன்றாக வெந்தால்தான் அது அடங்கும். முழுச் சோயா பயறு வாங்குகிறவர்கள் 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, தோலைக் கசக்கி நீக்கிவிட்டு வேகவைக்கட்டும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி வெயிட் போடும் துவாரத்தைத் தோல் அடைத்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். இட்லி மாவில் உளுந்துக்குப் பதில் கால் பங்குவரை சோயா போடலாம். அதற்கு மேல் போனால் உளுந்தின் வழவழப்பு போதாமல் மாவு பொங்காது, இட்லி தட்டையாகும், வாடையும் வரும்.

சாயங்காலத் தட்டுவடை செட் வாரம் ஒருமுறை என்று பேரம் முடிந்தது. அடியோடு நிறுத்தச் சொன்னால் சேலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணெய் மாதம் 2 லிட்டர் கடலை எண்ணெய். ரேஷன் பாமாயில் அண்ணன் வீட்டுக்குப் போனது (அவர்களுக்கு அது நல்லதா என்பது தனிக் கதை). ஆட்டுக்கறி மாதம் இருமுறை. நடை வாரம் 5 நாள், 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில்.

மூன்று மாதம் கழித்து

எட்டாவது வாரம் டி.எஸ்.ஹெச். 3.1. பன்னிரண்டாவது வாரம் மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எச்.டி.எல். 45, ட்ரைகிளிசரைடு 150, எல்.டி.எல். 137. எடை 63. 171-இலிருந்து 137 என்பது 20 சதவீதக் குறைவு; சோதனை ஊசலாட்டம் என்று இதை ஒதுக்க முடியாது. தொடக்கத்து 158-ஓடு ஒப்பிட்டால் 13 சதவீதம். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள். ஆனால் அளவுகளை வைத்துப் பார்த்தால் 158-க்கு மேலே ஏறிய பகுதிக்குத் தைராய்டும், 158-க்குக் கீழே இறங்கிய பகுதிக்குப் பாமாயில், தேங்காய், கறி, காப்பி நான்கும் பெரும்பங்கு. சோயாப் புரதம் தன் பங்காக நாலைந்து புள்ளி கொடுத்திருக்கலாம்.

137 போதுமா? எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் இன்னும் 167 இருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டுமா என்பதை ரத்த அழுத்தம், சர்க்கரை, வயது எல்லாம் சேர்த்து மருத்துவர்தான் முடிவெடுப்பார். இவருக்கு ஆறு மாதம் தள்ளிவைத்து, அதே லேபில் மறுபடி பார்க்கலாம் என்றார். எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் இந்த நிகழ்வைக் காட்டி மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் நின்றவர்களுக்கான ஹார்மோன் மாத்திரையும் இதயத்தைக் காப்பதற்கென்று கொடுக்கப்படுவதில்லை.

சோயாவில் எச்சரிக்கை தேவைப்படுபவர்கள் சிலர் உண்டு. ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் சோயா பாலைத் திடீரென்று தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. ரத்தம் உறையும் அளவு மாறலாம், அதைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் குறைவு உள்ளவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் எண்ணித்தான் கொடுக்கப்படும், மீல் மேக்கரும் அந்தக் கணக்குக்குள் வரும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள் சாப்பாட்டு அளவில் சோயா எடுப்பது பொதுவாகப் பாதுகாப்பானது என்றே இப்போது கருதப்படுகிறது. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ஐசோஃபிளேவோன் மாத்திரையை மட்டும் அவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.